இருவருமே வென்றதாகச் சொல்லும் போர்

இந்த இதழுக்கு வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றி வருகின்றன. நேரில் பார்த்தவர் எவரும் உயிரோடில்லாத ஒரு காலத்தைப் பற்றி, வரலாற்றாசிரியர்கள் எந்தத் துணிவில் இது நடந்தது, இது நடக்கவில்லை என்று எழுதுகிறார்கள் என்பதே அது. ஆகவே அந்தக் கடிதங்களை ஒருசேர எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: புள்ளலூர்ப் போரில் மகேந்திரவர்மன் வென்றதாகப் பல்லவர் செப்பேடு சொல்கிறது. சாளுக்கியர் கல்வெட்டோ பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்கிறது. இரண்டும் அரசர்கள் வெளியிட்டவைதாமே? எதை நம்புவது? (காஞ்சிபுரத்திலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே தெரிந்துகொள்ளலாம். முதலில் இவை எப்போது, யாருக்காக எழுதப்பட்டவை என்று பாருங்கள். சாளுக்கியர் கல்வெட்டு கர்நாடகத்தின் ஐஹொளெயில் மேகுடி சமணக் கோயிலில் இருக்கிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி ஆண்டுகொண்டிருந்தபோதே, சக ஆண்டு 556-இல், அதாவது கி.பி. 634-35-இல், அவனுடைய ஆதரவைப் பெற்ற ரவிகீர்த்தி என்ற புலவர் பாடியது அது. நீங்கள் குறிப்பிடும் பல்லவர் சாசனம் காரைக்காலுக்கு அருகே காசக்குடியில் கிடைத்த செப்பேடு. அதை வெளியிட்டவன் இரண்டாம் நந்திவர்மன். காலம் எட்டாம் நூற்றாண்டு. போர் நடந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, முன்னோரின் பெருமையை வரிசைப்படுத்தும்போது, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மையான பகைவரை அழித்தான் என்று அது சொல்கிறது. அந்தப் பகைவர் யார் என்று பெயர் சொல்லவில்லை.

இனி, புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு தரப்பும் தன்னையறியாமல் ஒப்புக்கொள்வதைத் தேட வேண்டும். புள்ளலூர் காஞ்சிக்கு அருகிலுள்ள ஊர். பகைவரை அங்கே முறியடித்தோம் என்று பல்லவர் பெருமைப்படும்போதே, பகைவன் தலைநகரின் வாசல்வரை வந்துவிட்டான் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. மறுபுறம் ரவிகீர்த்தி, படையெழுப்பிய புழுதி மூடிய காஞ்சி மதிலுக்குப் பின்னால் பல்லவன் மறைந்தான் என்று பாடுகிறாரே தவிர, காஞ்சி வீழ்ந்தது என்று பாடவில்லை. நர்மதைக்கு வடக்கேயிருந்து புலிகேசியோடு மோத வந்த பேரரசன் ஹர்ஷனின் ஹர்ஷம், அதாவது மகிழ்ச்சி, அச்சத்தால் கரைந்தது என்று சிலேடை செய்யத் தெரிந்த புலவருக்கு, தலைநகரையே பிடித்திருந்தால் பாட ஒரு செய்யுள் கிடைக்காமலா போயிருக்கும்? எனவே சாளுக்கியப் படை காஞ்சியின் அருகே வரை வந்தது, ஆனால் நகரம் பிடிபடவில்லை என்ற முடிவுக்கு வருகிறோம். இதை இரண்டு சாசனங்களில் எதுவும் நேராகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கதை அங்கே நிற்கவில்லை. மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியைப் புறங்காட்டச் செய்து, அந்த முதுகையே பட்டயமாகக் கொண்டு 'வெற்றி' என்ற சொல்லை எழுதினான் என்று கூரம் செப்பேடு வருணிக்கிறது. இது நரசிம்மவர்மனின் பேரன் வெளியிட்ட சாசனம் ஆகையால் இதையும் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். ஆனால் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியிலேயே, இன்றைய பாதாமியில், ஒரு பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு சிதைந்த நிலையில் கிடைத்திருக்கிறது. பகைவன் ஊருக்குள் நின்று கல் வெட்டுவதற்கு அந்த ஊர் கைக்குள் இருந்திருக்க வேண்டும். அதற்குமேல், புலிகேசிக்குப் பிறகு சாளுக்கிய அரசே சில ஆண்டுகள் நிலைகுலைந்து கிடக்கிறது. ஏறத்தாழ 655-இல் அரியணை ஏறும் முதலாம் விக்கிரமாதித்தனின் சாசனங்கள், இழந்த அரசுரிமையை அவன் மீட்டதாகப் பேசுகின்றன. இழந்தது எப்படி என்பதை விரித்துச் சொல்ல அவற்றுக்கு மனம் வரவில்லை. தோற்றவர் தம் ஏட்டில் விட்டுச்செல்லும் வெற்றிடத்தை வென்றவரின் பாறை நிரப்புகிறது.

இந்த இரு தரப்புக்கும் வெளியே ஒரு மூன்றாவது குரலும் உண்டு. இலங்கை இளவரசன் மானவர்மன் நரசிம்மனிடம் அடைக்கலம் புகுந்து, வல்லப மன்னனுடன் நடந்த போரில் அவனுக்குத் துணைநின்று, அதற்குக் கைம்மாறாகப் படை பெற்று இலங்கை மீண்டதை இலங்கையின் பாலி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. வல்லபன் என்பது சாளுக்கியரின் விருதுப்பெயர். காஞ்சியையோ வாதாபியையோ புகழ வேண்டிய கட்டாயம் எதுவும் அந்த நூலை எழுதிய பௌத்தத் துறவிகளுக்கு இல்லை. பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் வாதாபியை அழித்துப் பொருள் கொண்டுவந்ததாக வரும் செய்தியோ பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் தள்ளி நிற்கும் அந்தச் செய்தி தனித்து நின்றிருந்தால் நான் தயங்கியிருப்பேன். பாறையும் செப்பேடும் முன்னே நிற்பதால், ஊரில் அந்த நினைவு எப்படித் தங்கியது என்பதற்குச் சான்றாக அதை ஏற்கிறேன்.

இதே போர்க்கதையின் கடைசிப் பகுதியை நீங்கள் உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். கைலாசநாதர் கோயிலின் தூண் ஒன்றில், எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. இராஜசிம்மேசுவரத்தின், அதாவது அதே கோயிலின், செல்வத்தைக் கண்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான் என்கிறது அது. தோல்வியைச் சொல்லும் அந்தக் கல்லைப் பிற்பாடு எவரும் செதுக்கி அழிக்கவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

கேள்வி: அசோகரின் கல்வெட்டுகளில் அசோகர் என்ற பெயரே இல்லை என்று படித்தேன். பிறகு எப்படி அவை அவருடையவை? (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: பெரும்பாலானவற்றில் இல்லை என்பது சரியே. அவற்றில் வருவது 'தேவானாம்பிய பியதசி' என்ற விருதுப்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக்கூடப் படிக்க ஆளில்லை, எழுத்தே மறந்துபோயிருந்தது. கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சி தூபியின் கற்கிராதிகளில் சிறு சிறு வாசகங்கள் பல ஒரே எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். பக்தர்கள் ஆளுக்கொரு கல் கொடுத்திருக்கும் இடத்தில் திரும்பத் திரும்ப என்ன சொல் வரும்? நம் கோயில்களில் குழல்விளக்கின் மேலும் மின்விசிறியின் மேலும் 'உபயம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊகம் எளிது. அங்கே அந்தச் சொல் 'தானம்'. அதிலிருந்து கிடைத்த எழுத்துகளைக் கொண்டு 1837-இல் பிராமி எழுத்து முழுவதையும் அவர் படித்துவிட்டார்.

ஆனால் பியதசி யார் என்பதில் அவர் தடுமாறினார். இலங்கை மன்னன் தேவானாம்பிய தீசனின் பெயரோடு ஒத்துப்போவதால், முதலில் இவனும் இலங்கை மன்னனாக இருக்கலாம் என்றே எண்ணினார். முடிச்சை அவிழ்த்தது இலங்கையிலிருந்து வந்த ஓர் ஏடு. அங்கே அரசுப்பணியிலிருந்த ஜார்ஜ் டர்னர், பாலி நூலான தீபவம்சத்தில் சந்திரகுப்தனின் பேரனான அசோகனுக்குப் பியதசி என்ற பெயரும் உண்டு என்பதைக் கண்டு தெரிவித்தார். இருந்தாலும் அது பல நூற்றாண்டுகள் பிற்பட்ட நூல் என்பதால் ஐயம் கொஞ்சம் எஞ்சியிருந்தது. 1915-இல் ராய்ச்சூர்ப் பகுதியிலுள்ள மஸ்கியில், பொன் தேடி வந்த ஒரு சுரங்கப் பொறியாளரின் கண்ணில் பட்ட கல்வெட்டில் 'அசோக' என்ற பெயரே இருந்தது. ஏடு சொன்னதைக் கல் உறுதிசெய்ய ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

காலத்தைக் கணித்தது இன்னொரு வழியில். பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அந்தியோக, துரமாய, அந்திகினி, மகா, அலிகசுதர என்று ஐந்து யவன அரசர்கள் குறிப்பிடப்படுகிறார்கள். இவர்களில் சிரியாவின் இரண்டாம் அந்தியோக்கஸ், எகிப்தின் இரண்டாம் தாலமி, மாசிடோனியாவின் அந்திகோனஸ், சைரீனின் மாகாஸ் ஆகியோரின் ஆட்சிக்காலம் கிரேக்க வரலாற்றிலிருந்து தெரியும். எல்லோரும் ஒருசேர அரியணையில் இருந்தது கி.மு. 261-க்குப் பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகளே. பழைய இந்திய வரலாற்றின் ஆண்டுக் கணக்கில் பெரும்பகுதி இந்த ஓர் ஆணியில்தான் தொங்குகிறது.

அதே சாசனம் கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டதையும் வருத்தத்தோடு சொல்கிறது. இதைப் பாடநூலில் எல்லோரும் படித்திருப்பீர்கள். ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் இந்தச் சாசனம் பொறிக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக வேறு இரு சாசனங்கள், மக்கள் எல்லோரும் என் பிள்ளைகள் என்று பேசுபவை, அங்கே இருக்கின்றன. வருத்தம் தெரிவித்தவர், அந்தத் துயரத்துக்கு ஆளானவர்களின் ஊரில் மட்டும் அதைச் சொல்லவில்லை. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லலாம். ஒவ்வொரு சாசனமும் யார் கண்ணில் பட வேண்டும் என்று கணக்குப் பார்த்தே வைக்கப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. இரண்டாம் பாறைச் சாசனத்தில் சோழ, பாண்டிய, கேரளபுத்திரரோடு வரும் 'சதியபுத' யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். 1981-இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' (சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி) என்ற தமிழ்பிராமிக் கல்வெட்டு வெளிப்பட்டது. ஒளவையைப் புரந்த அதியமான் மரபே அந்தப் பெயருக்கு உரியது என்று ஒரே வரியில் வாதம் முடிந்தது.

கேள்வி: சோழர் கல்வெட்டுகளில் 'யாண்டு இத்தனையாவது' என்றுதான் இருக்கிறது. அதை எப்படிக் கி.பி. ஆண்டாக மாற்றுகிறார்கள்? (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பஞ்சாங்கத்தைக் கொண்டு. சில கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு ஞாயிறு நின்ற ராசி, திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவையும் வரும். இவை அனைத்தும் ஒரே நாளில் கூடிவருவது அரிது. ஓர் அரசனின் பல கல்வெட்டுகளில் உள்ள இத்தகைய குறிப்புகளை வானியல் முறையில் கணித்து, எல்லாம் பொருந்திவரும்படி ஆட்சித் தொடக்கத்தைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். செருமானிய அறிஞர் கீல்ஹார்ன் இப்படித்தான் முதலாம் இராசராசன் 985-ஆம் ஆண்டு ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் ஆட்சிக்கு வந்தான் என்று நிறுவினார். பின்னர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வெளியிட்ட நாள்கணிப்பு அட்டவணைகள் இந்த வேலையை எல்லோருக்கும் எளிதாக்கின.

பெயர் ஒன்றாகவே இருந்து எந்த இராசராசன் என்று தெரியாதபோது, கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி உதவும். 'திருமகள் போல' என்று தொடங்கினால் அது முதலாம் இராசராசன். ஆட்சி நீள நீள வெற்றிகள் சேர்ந்து அவனுடைய மெய்க்கீர்த்தியும் நீள்வதால், ஆண்டு சிதைந்துபோன கல்லைக்கூட, அதில் ஈழமண்டலம் வந்திருக்கிறதா, முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் வந்திருக்கிறதா என்று பார்த்து ஓரளவு வரிசைப்படுத்திவிடலாம்.

கேள்வி: செப்பேடுகளில் போலி உண்டா? (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: நிறையவே. நிலத்துக்கு உரிமை தரும் ஆவணம் எந்தக் காலத்திலும் போலிக்கு ஆளாகும். எழுத்தமைதி சொல்லிக்கொள்ளும் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டதாக இருக்கும். அல்லது குறித்த கிழமையும் திதியும் பொருந்தாது. சமுத்திரகுப்தன் கொடுத்ததாகச் சொல்லும் கயை செப்பேட்டைக் கல்வெட்டு அறிஞர் ஃப்ளீட் போலி என்று கண்டுபிடித்த விதம் எனக்கு மிகப் பிடித்தது. சாசனம் கொடுக்கும் அரசன் எழுவாயாக வருவான், முன்னோர் 'இன்னாருடைய' என்று ஆறாம் வேற்றுமையில் வருவார்கள். இதிலோ சமுத்திரகுப்தனின் பெயர் எழுவாயாக இருக்க, அவனுடைய விருதுகள் ஆறாம் வேற்றுமையில் நிற்கின்றன. அவனுக்குப் பின்வந்த ஒருவனின் பட்டயத்தைப் பார்த்து எழுதியவன், பெயரைத் திருத்திவிட்டு வேற்றுமையைத் திருத்த மறந்துவிட்டான். இலக்கணம் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: போலியும் சான்றுதான். அது சொல்லிக்கொள்ளும் காலத்துக்குச் சான்றாகாது; அதைச் செய்தவர் காலத்தில் எந்த நிலத்துக்குச் சண்டை இருந்தது என்பதற்குச் சான்று.

கேள்வி: வெளிநாட்டார் குறிப்புகள் நடுநிலையானவை அல்லவா? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அப்படி ஒரு பொதுவிதி இல்லை. கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்துக்கு வந்தவர். ஆனால் அவருடைய நூல் அழிந்துவிட்டது. ஸ்டிராபோ, டியோடோரஸ், அர்ரியன் ஆகிய பிற்காலக் கிரேக்க எழுத்தாளர்கள் எடுத்தாண்ட பகுதிகளே கிடைக்கின்றன. இந்தியாவில் அடிமைகளே இல்லை என்று அவர் சொன்னதாக அவற்றில் வருகிறது. அசோகரின் சாசனங்களோ தாசர்களையும் வேலையாட்களையும் பரிவோடு நடத்தும்படி திரும்பத் திரும்ப அறிவுறுத்துகின்றன. தம் நாட்டில் கண்ட அடிமைமுறையை மனத்தில் வைத்துத் தேடியவருக்கு இங்கிருந்த வேறுவகை அடிமைத்தனம் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

சீனப் பயணி யுவான் சுவாங்கின் கதை வேறு. அவர் ஹர்ஷனின் விருந்தினர், அவனை மனமாரப் புகழ்ந்தவர். அப்படிப்பட்டவரே, மகாராஷ்டிர நாட்டு மன்னனான புலிகேசியை மட்டும் ஹர்ஷனால் பணியவைக்க முடியவில்லை என்று எழுதுகிறார். தன் புரவலனுக்கு ஆகாத செய்தியை ஒருவர் சொல்லும்போது அதற்கு எடை அதிகம். ஐஹொளெயின் சிலேடை வெறும் சிலேடையன்று என்று நாம் நம்புவது இதனால்தான்.

இதே சோதனை அரசவை எழுத்தாளர்களுக்கும் பொருந்தும். அக்பரின் அவையில் அபுல் ஃபஸல் அரசனைப் போற்றி வரலாறு எழுதினார். அதே அவையிலிருந்த, அபுல் ஃபஸலின் தந்தையிடமே பாடம் கேட்ட பதாயூனி, அக்பரின் சமயப்போக்கைக் கடிந்து மறைவாக ஒரு வரலாறு எழுதிவைத்தார். அது ஜஹாங்கீர் காலத்தில்தான் வெளிப்பட்டது. பதேபூர் சிக்ரியின் வழிபாட்டு மண்டபத்தில் நடந்த விவாதங்களை இருவருமே சொல்கிறார்கள். ஒருவருக்கு அது ஒளி, மற்றவருக்குக் கேடு. விவாதம் நடந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் வேறுபாடில்லை.

கேள்வி: காசுகளால் என்ன தெரியும்? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நாசிக் குகைக் கல்வெட்டில், கௌதமி பாலசிறி என்ற தாய் தன் மகனான சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி, பகைவரான க்ஷகராத குலத்தை வேரோடு அழித்தான் என்கிறாள். தாயின் புகழ்ச்சி என்று தள்ளியிருக்கலாம். 1906-இல் அதே நாசிக் பகுதியில் ஜோகல்தெம்பியில் 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அனைத்தும் க்ஷகராத அரசன் நகபானன் வெளியிட்டவை; ஆனால் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் மீது கௌதமிபுத்திரனின் முத்திரை மறுபடி குத்தப்பட்டிருந்தது. பகைவனின் காசைக் கைப்பற்றித் தன் காசாக்கிப் புழங்கவிட்டவன் உண்மையிலேயே வென்றிருக்கிறான்.

கேள்வி: கல்வெட்டும் காசும் அரசர்களைப் பற்றியே பேசுகின்றன. எங்களைப் போன்றவர்களின் முன்னோர் எங்கே? (விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளி)

பதில்: இந்த வாரக் கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது உங்களுடையதே. தஞ்சைப் பெரிய கோயிலில் கோயிலில் ஆடல் பணிசெய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பதுவரை வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பங்குக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். இத்தனை நுணுக்கம் எதனால்? கோயில் அவர்களுக்கு நெல் அளக்க வேண்டியிருந்ததால். கணக்கு உள்ள இடத்தில் பெயர் இருக்கிறது.

அதே கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீங்கிய இடங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), தீண்டாச்சேரி என்றும் வருகின்றன. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. அந்த நிலங்களில் உழுது நட்டவர்கள் கல்வெட்டுக்குள் நுழைவது இப்படி ஒரு சேரியின் பெயராக மட்டுமே. ஆனால் அந்த ஒரு சொல்லும் சின்னதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடியிருப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதை, அதைச் சொல்லும் எண்ணமே இல்லாத ஒரு வரிக்கணக்கு சொல்லிவிட்டது. தீண்டாமை பிற்காலத்தில் வந்தது என்று வாதிடுபவர்களிடம் நான் காட்டுவது இந்த வரியைத்தான்.

கேள்வி: எங்கள் ஊர் வரலாற்றை எழுத விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? (அரியலூரிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அலுவலர்)

பதில்: கோயில் சுவரிலிருந்து தொடங்க வேண்டாம், நூலகத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊர்க் கல்வெட்டுகள் ஏற்கெனவே படியெடுக்கப்பட்டிருக்கலாம். நடுவண் அரசின் கல்வெட்டுத்துறை 1887 முதல் ஆண்டறிக்கைகளும், 1890 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளும் வெளியிட்டு வந்திருக்கிறது. அவற்றில் ஊர்ப்பெயரைத் தேடுங்கள். பழைய பெயர் வேறாக இருக்கலாம் என்பதால் நாடு, வளநாடு, சதுர்வேதிமங்கலம் என்று எல்லா வடிவிலும் தேடுங்கள். பிறகு அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒப்பிடுங்கள். அச்சில் இருந்து சுவரில் இல்லாமல் போனவற்றையும் தேதியிட்டுக் குறித்துவையுங்கள். திருப்பணியின்போது மணல்வீச்சில் எழுத்து முழுவதும் தேய்ந்து வழவழப்பான ஒரு சுவரை நான் தடவிப் பார்த்திருக்கிறேன். அந்த ஊருக்கு இன்று அச்சிட்ட படி மட்டுமே மிச்சம்.

அடுத்து ஊரின் நில அளவைப் பதிவேடுகளைக் கேட்டுப் பாருங்கள். வயல்களுக்கும் ஏரிக் கலிங்குகளுக்கும் இன்று வழங்கும் பெயர்களை உழுபவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கல்வெட்டின் எல்லைக் குறிப்பில் வரும் வாய்க்கால் பெயர் சில ஊர்களில் இன்னும் வழக்கில் இருக்கிறது. பெரியவர்கள் சொல்லும் கதைகளைச் சொன்னவர், சொன்ன நாள், அவர் யாரிடம் கேட்டார் என்பவற்றோடு பதியுங்கள். ஒரே கதையை இரு தெருவிலும் கேளுங்கள். சுவரில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் சுண்ணாம்போ வண்ணமோ தடவாதீர்கள். காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.